ஆஞ்சப்பனார் பாடத்திட்டம் முடித்த படலம்

வாழிய, வாழிய! சுண்ணக்கட்டியே வாளாக, கரும்பலகையே கேடயமாக, சானமாவுக் காட்டோரத்து ஓட்டுப்பள்ளியைத் தனியொருவராய்க் காத்து நின்ற ஐந்தாம் வகுப்பு வாத்தியார், மும்மொழி நாவினர், பொடிமட்டை இடையினர், ஆஞ்சப்பனார் வாழிய! கலைமகளே, என் நாவில் சற்றே வந்து உட்காரம்மா. அவர் பாடத்திட்டத்தோடு பொருத பெருங்கதையை மூச்சு வாங்காமல் நான் சொல்லியாக வேண்டும்.

சென்னப்பட்டணத்துப் பேரறிஞர்கள் மின்விசிறிக்கு அடியில் ஒன்றுகூடி, வருஷத்துக்கு இத்தனை பாடம் என்று வகுத்தருளிய அந்தப் பாடத்திட்டம் ஒரே மொழிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆஞ்சப்பனாரின் வகுப்பிலோ முதல் பெஞ்சு தமிழ், நடுப்பெஞ்சு தெலுங்கு, கடைப்பெஞ்சு கன்னடம். ஆகவே எந்தப் பாடமானாலும் மூன்று முறை சொல்ல வேண்டும். கடைப்பெஞ்சின் காவல்தெய்வமாகிய கெம்பம்மாவோ, தன் மொழியில் கேளாத பாடத்தைப் பாடமென்றே ஒப்பாதவள். இப்படியே உருட்டினால் எந்தக் காலத்தில் முடியும்? பாவம், மனிதர் திணறிப்போனார்.

அந்நேரம் பார்த்து இடியென இறங்கியது சேதி: நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார், பாடத்திட்டம் முடிக்காத வாத்தியாருக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்! ஆஞ்சப்பனார் கலங்கினார், பொடி போட்டார், தும்மினார், தெளிந்தார். பிறகு கூரை ஓடுகள் அதிர முழங்கினார்: "இன்னிக்கு ஒரே பாஷைதான்! தமிழ்லயே முடிச்சிடுவேன்! குறுக்க யாரும் பேசப்படாது!"

அடேயப்பா, அந்தப் பிற்பகலை என்னென்று பாடுவேன்! இமயத்தை ஏறி மிதித்து, கங்கையைத் தாண்டிக் குதித்து, பாலைவன மணலைப் பொடியாய் ஊதித் தள்ளி, முதல் பெஞ்சு எழுதியெழுதிக் கை சோர, நடுப்பெஞ்சு கொட்டாவிக் கடலில் மூழ்க, சுண்ணத்தூள் போர்க்களப் புழுதியாய் எழுந்து சாளரங்களை மறைக்க, கடைசிப் பாடமாகிய மழையையும் ஒரு தும்மலுக்கும் மறு தும்மலுக்கும் இடையே கொட்டித் தீர்த்து, வாகை சூடி நாற்காலியில் விழுந்தார் நம் வீரர். கடைப்பெஞ்சில் உயர்ந்தே நின்ற ஒரு கையை மட்டும் பார்க்காதது போல் இருந்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் வந்தார் இன்ஸ்பெக்டர். பாடத்திட்டத் தாளை விரித்து, "எல்லாம் முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க!" என்று ஆஞ்சப்பனார் மார்தட்டிய அக்கணமே எழுந்தாள் கெம்பம்மா.

"தமிழ் பெஞ்சுக்குத்தான் சார் முடிஞ்சுது. எங்க பெஞ்சுக்கு இன்னும் கங்கையும் வரல, மழையும் பெய்யல!"

ஐயோ! ஆஞ்சப்பனாரின் கண்முன்னே தண்ணியில்லாக் காடு விரிந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் வாத்தியாரே, நீர் மூணு பாஷையிலயும் நடத்துவீரா?"

"தினமும் அப்படித்தானுங்க. நேத்துதான் பயந்துபோய்..."

"உம்ம மாத்திட்டா இந்தப் பிள்ளைங்களுக்கு நான் யாரைப் போய்ப் புடிக்கிறது? மொதல்ல இந்தப் பொண்ணுக்கு மழையைப் பெய்ய வையும். அது முடியட்டும், அப்புறம் மாத்தலைப் பத்திப் பாக்கலாம்."

கேட்டார் ஆஞ்சப்பனார், மேனி சிலிர்த்தார், 'கருமுகிற் கூட்டங்களே, அவசரமே வேண்டாம், ஆற அமர வாருங்கள்' என்று உள்ளத்தால் வேண்டி, சுண்ணக்கட்டியைச் செங்கோலாய் ஏந்திக் கடைப்பெஞ்சை நோக்கித் திரும்பினார்.

மழைப் பாடத்தை அவர் இரண்டு வருஷம் நடத்தினார்.