போர்வைக்குள்ளே நான், வெளியே கைத்தட்டல்

எனக்கு எழுபத்து நாலு வயசு. அஞ்சு பெத்து, அஞ்சையும் வளர்த்து ஆளாக்கினேன். சளின்னு ஒருத்தரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதில்லை. நொச்சித் தழையைக் கொதிக்க வச்சு ஆவி பிடிக்கிற வேதுதான். (பெரியவன் கால் உடைஞ்சப்போ மட்டும் போனேன். அதுக்கு வேது பிடிக்க முடியாதுங்களே.) எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுறாள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் என்னைக் கூப்பிட்டாங்க. ஜனங்க ஊட்டுல செஞ்சுக்கிற வைத்தியமெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கும் தெரியணுமாம். நான் மேடையில் வேது பிடிச்சுக் காட்டணும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுவேன், அதே சர்க்கரையைக் குறைக்கிற சிறுகுறிஞ்சான் பொடியும் தின்பேன். டாக்டருக்குப் பொடி தெரியாது, நாட்டு மருந்துக்கடைக்காரருக்கு மாத்திரை தெரியாது. ரெண்டையும் சக்களத்திங்க மாதிரி ஒண்ணு முகத்தில் ஒண்ணு முழிக்காமல் வச்சிருந்தேன். அன்னைக்கு மேடை ஏறணுமே, தெம்பா இருக்கட்டும்னு மாத்திரையோட பொடியைக் கை நிறைய அள்ளிப் போட்டுக்கிட்டேன். சாப்பாடு? அதான் காலேஜில் டிபன் தருவாங்களே!

அங்கே போனால் பேச்சு, சால்வை, மறுபடி பேச்சு. டிபன் எல்லாம் முடிஞ்சப்புறந்தானாம்.

மைக்கைக் கொடுத்தாங்க. "இந்த ஒடம்புக்குள்ள ஒரு இங்கிலீஷ் மாத்திரை போனதில்ல சாமி!" என்றேன். (காலையில் போட்டது நெஞ்சுக்குழியைத் தாண்டியிருக்காது.) ஒரே கைத்தட்டல்.

கொதிக்கிற பானைக்கு முன்னால் உட்கார்ந்து போர்வையை மூடினேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்குச்சு, கண் இருட்டுச்சு. "போதும்" என்கிறேன், சத்தம் வரலை. வெளியே வாத்தியாரம்மா மைக்கில், "பாருங்க, எவ்வளவு பொறுமை!" என்றார். அதுக்கும் தட்டினாங்க.

படம் எடுக்கப் போர்வை ஓரத்தைத் தூக்கிய, அங்கே படிக்கிற ஒரு பொண்ணு, ஓமலூர்க்காரி, பேர் கோகிலா, என் கையைத் தொட்டாள். "மேடம், வேதுல வேர்த்தா கை சுடணுமுங்க. அம்மாயி கை ஜில்லுனு இருக்குது!"

போர்வை பறந்துச்சு. விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்துச்சு. குளுக்கோஸைக் கரைச்சுக் கொஞ்சங்கொஞ்சமாப் புகட்டினாள்.

"என்ன மருந்து சாப்பிட்டீங்க, அம்மாயி?"

"ஒண்ணுமில்ல சாமி." (அந்த நிலைமையிலும் பாருங்க!)

"மறுபடி எறங்கிருச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க. மறைக்காதீங்க."

அந்தப் பிள்ளை கண்ணு கலங்கியிருந்துச்சு. என்னைப் பெத்தவளாட்டம் பார்த்துச்சு. "மாத்திரையும் போட்டேன், பொடியும் தின்னேன், சோறுதான் திங்கலை" என்றேன். மைக்கை யாரும் அணைக்கலை. காலேஜ் பூராவும் கேட்டுச்சு. போகட்டும்னு, "டிபன் எப்பங்க?" என்றும் கேட்டுட்டேன்.

இப்போ அந்தக் காலேஜில் ஊட்டு வைத்தியப் பாடமே என் கதையிலிருந்துதான் தொடங்குதாம்: நோயாளிகிட்ட மாத்திரையை மட்டும் கேட்காதே, பொடியையும் கேளு. என் டாக்டருக்கும் இப்போ எல்லாம் தெரியும். கோகிலா போன் பண்ணினால் முதல் பேச்சே, "சாப்டாச்சுங்களா அம்மாயி?" அவள் நல்லா இருக்கணும்.

ஊட்டுல நான் போர்வையை இழுத்து மூடினால் போதும், சின்னவன், "மேடம், கை சுடுதான்னு பாருங்க!" என்று கத்துவான். நான் உள்ளே இருந்தே கையை நீட்டுவேன். சுடத்தான் செய்யுது.

சரி கண்ணு, எழுதினதைப் படி. மைக்கில் சொன்ன பொய்யை வெட்டிறாதே. கோகிலா பேர் வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி.