ஜினெட்டின் கட்டிங் வகுப்பு

விளங்காத இடத்தில் சிரித்துக்கொண்டே தலையாட்டுவது புலம்பெயர்ந்தவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. மருத்துவர் ஏதோ கேட்பார், ஆட்டுவோம். வங்கியில் ஏதோ கேட்பார்கள், அதற்கும் ஆட்டுவோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என் தலையாட்டல் மட்டும் என்னைக் கொண்டுபோய்க் குதிரை முதுகில் ஏற்றிவிட்டது.

அப்போது நான் மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீடு இருந்த பியர்பொன்ட்ஸில் இருந்து பஸ், மெட்றோ, மறுபடியும் பஸ். வேலைக்குப் போவதே ஒரு வேலை. அலுவலகத்தில் எல்லோரும் பிரெஞ்சு. என்னுடையது மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சு. ஆசிரியை கதைத்தால் விளங்கும், வேறு யார் கதைத்தாலும் விளங்காது. அதனால் மதியத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு யன்னலோரம் தனியாக இருப்பேன். (புட்டு மணத்துக்குத்தான் ஒருவரும் கிட்ட வருவதில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். புட்டுக்கு ஏது மணம்? மணத்தது கருவாடு.)

ஒரு நாள், கூட வேலை செய்யும் ஜினெட் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் போட்டார். கட்டையாக வெட்டிய நரைமுடி. கப்பல் சங்கு ஊதுகிற மாதிரிச் சிரிப்பு. கருவாட்டையும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார், கண் கலங்கினார், இன்னொரு துண்டு எடுத்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவர். (நாங்கள் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் என் நினைவில் ஜினெட் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

“சனிக்கிழமையளில என்ன செய்யிறனீர்?” என்று ஒரு மதியம் கேட்டேன். பாடப் புத்தகத்தில் இருந்த கேள்வி.

“கட்டிங்,” என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்து எனக்கு முழுதாக விளங்கிய முதல் சொல் அது. துணி வெட்டுகிறார்! சாறிச் சட்டை ஒன்று அளவாக அமைய நான் எத்தனை பேரிடம் அலைந்திருக்கிறேன்!

“என்ரை அம்மாவும் கட்டிங்கிலை பெரிய ஆள்,” என்றேன்.

“மெய்யே? உங்கட நாட்டிலயும் இருக்கோ?”

“வீட்டுக்கு வீடு இருக்கு.”

“அம்மா எங்க வைச்சுச் செய்யிறவா?”

“முன் விறாந்தையிலதான். அங்கதான் நல்ல வெளிச்சம்.”

ஜினெட்டின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “விறாந்தையிலயோ! ஒரு நாளைக்கு எத்தினை?”

“தீபாவளி நேரமெண்டால் பத்துக்கூட முடிப்பா.”

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மரியாதை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

“உமக்கும் பழக விருப்பமோ? அப்ப சனிக்கிழமை வாரும். என்ரை அண்ணை ரெஜான்தான் பழக்கிறவர். புதுசா வாற ஆக்களுக்கெண்டு ஒண்டு வைச்சிருக்கிறார். வயசு போனதுதான், ஆனா இப்பவும் நல்லா ஓடும். குதி வைச்ச சப்பாத்துப் போட்டு வாரும்.”

காலால் மிதிக்கிற பழைய தையல் மெஷினாக இருக்கும், அதுதான் குதி என்று முடிவு செய்துகொண்டேன். அறிவாளி அல்லவா?

சனிக்கிழமை என் கணவர், இவர்தான், காரில் கூட்டிக்கொண்டு போனார். என் மடியில் துணிப்பை. உள்ளே பெரிய கத்திரிக்கோல், அளவு நாடா, சோக்கு, பச்சைப் பட்டுத் துணி. புரோசார்ட் நகரைத் தாண்டினோம். கடைகள் முடிந்தன, வீடுகள் முடிந்தன. அதன்பிறகு கண்ணுக்கு எட்டியவரை சோளம்.

“இஞ்சரும், இந்தச் சோளத்துக்கை ஆர் சட்டை தைக்கினம்?” என்றார் இவர்.

“பெரிய பெரிய தொழிற்சாலையளை இப்ப வெளியிலதான் கட்டுகினம்.”

கார் நின்ற இடத்தில் சாணி மணத்தது. வேலிக்குள் மணல் கொட்டிய பெரிய அரங்கு. அதன் ஒரு மூலையில் ஒரு கூட்டம் இளம் மாடுகள். சுற்றிவரத் தொப்பி போட்ட மனிதர்கள், அவர்களுக்குக் கீழே குதிரைகள். கூட்டத்திலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து வெளியே எடுத்து, அது திரும்பப் போய்ச் சேராதபடி குதிரையால் மறித்து நிற்கும் விளையாட்டு. அதற்கும் கட்டிங் என்றுதான் பெயர்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் ஜினெட் ஓடிவந்து என் தோளில் கையைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்:

“நான் சொன்னன் எல்லே, இவதான்! இவவின்ரை அம்மா வீட்டு விறாந்தையிலேயே கட்டிங் செய்யிறவா. ஒரே நாளில பத்து!”

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

இவர் என் காதுக்குள், “உமக்கென்ன விசரே? உண்மையைச் சொல்லிப்போட்டு வாரும், வீட்டை போவம்,” என்றார்.

“அவவின்ரை முகத்தை ஒருக்காப் பாருங்கோ,” என்றேன்.

ஜினெட்டின் முகம் அப்படிப் பூரித்திருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை யன்னலோரம் மறுபடி நானும் கருவாடும்தான். பையை இவர் கையில் திணித்தேன். நன்றியாக ‘மேர்சி’ என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

ரெஜான் நெடிய மனிதர், கதை குறைவு. தலைக்கவசம் ஒன்றை என் தலையில் மாட்டிவிட்டு, ஏதோ கேட்டார். பிரெஞ்சில் ஏறுவதற்கும் சவாரி செய்வதற்கும் ஒரே சொல்தான். குதிரைக்குப் பக்கத்தில் ஏறுவதற்கு மரப்படி ஒன்று இருந்ததால், படி ஏறிப் பழக்கமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

“ஒவ்வொரு நாளும். காலமையும் பின்னேரமும்,” என்றேன். (மெட்றோவில் எங்கள் பக்கத்து மின்படி என்றைக்கு வேலை செய்தது?)

ரெஜானின் புருவம் உயர்ந்தது. இப்படித்தான் நான் கரமெல் என்ற கிழட்டுப் பெண் குதிரையின் மேல் போய்ச் சேர்ந்தேன். சுடிதார் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். இறுக்கமாய்க் கட்டியதாகத்தான் நினைத்தேன்.

கரமெல் நடந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பெரிய வித்தையொன்றும் இல்லையே என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. பிறகு ரெஜான் கையைக் காட்டினார். கரமெல் தானாகவே மாட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தது. நான் மூச்சு விடவில்லை, அசையவில்லை. மாடுகள் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் விலகின. கடைசியில் வெள்ளை முகத்தோடு ஒரு கறுப்புக் கன்று மட்டும் எங்களுக்கு முன்னால் தனித்து நின்றது.

“கையை இறக்கு!” என்று ரெஜான் கத்தினார். கடிவாளத்தைத் தளர்த்திவிட வேண்டும். மிச்சத்தைக் குதிரை பார்த்துக்கொள்ளும். இறக்கினேன்.

அந்த நொடியில் என் கிழட்டுக் குதிரைக்குப் பதினாறு வயதானது. முன்னங்காலை மடித்துப் பதுங்கியது. கன்று இடது பக்கம் பாய, கரமெல் இடது பக்கம் பாய்ந்தது. நான் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தேன். அங்கே குதிரை இல்லை. எப்படியோ கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடுத்தது வலது பக்கம். என் வயிறு இடது பக்கத்தில் நின்றுவிட்டது.

“ஐயோ, அம்மா!” என்று அலறினேன்.

அம்மா என்ற சொல் அவர்களுக்கும் விளங்கியது. தாயை நினைத்துக்கொண்டு களத்தில் இறங்குகிறாள் என்று நினைத்து வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். “அம்மா! அம்மா!” என்று ஜினெட் கூடக் கத்தினார்.

அப்போதுதான் சால்வை அவிழ்ந்தது. பறந்துபோய்க் கன்றின் முகத்தை மூடியது. கண் தெரியாத கன்று கூட்டத்துக்குள் தலைதெறிக்க ஓட, கூட்டம் சிதறியது. நான் கரமெலின் பக்கவாட்டால் மெதுவாக, சாக்கு மூட்டை சரிகிற மாதிரி, மணலில் வந்து இறங்கினேன். கரமெல் உடனே நின்று, குனிந்து என்னைப் பார்த்தது. இப்படியொரு பாரத்தை அது தன் வாழ்நாளில் சுமந்திருக்காது.

இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் என்னைக் காப்பாற்ற ஒருவர் வந்தார். என் கணவர். வேலிப் படலையை அகலத் திறந்துகொண்டு, “எழும்பாதையும், எழும்பாதையும்!” என்று கத்தியபடி உள்ளே ஓடிவந்தார். அவர் வந்த வழியால் மாடுகள் எல்லாம் வெளியே போயின. அதைப் பார்த்ததும் மறிப்பதற்காகத் திரும்பி ஓடினார். ஒரு மாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அடுத்து நான் கண்டது, எங்கள் காரின் கூரையில் துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்த மனிதரைத்தான்.

பக்கத்துத் தோட்டத்துச் சோளத்துக்குள் இருந்து மாடுகளைப் பிரித்து எடுக்க அவர்களுக்குப் பின்னேரம் முழுக்கப் பிடித்தது. கடைசி மாடும் உள்ளே வந்தபின், ரெஜான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரடிக்கு வந்து, பைக்குள் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். எதையும் மறைக்கத் தெரியாத என் கணவர் கத்திரிக்கோலை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“சிசர்ஸ். ஃபோர் கட்டிங்.”

ஜினெட் வந்து பைக்குள் கையை விட்டார். நாடாவை எடுத்தார். சோக்கை எடுத்தார். பட்டுத் துணியை விரித்துப் பார்த்தார்.

“விறாந்தையில பத்து...?” என்று மெதுவாகக் கேட்டார். 

“சட்டை,” என்றேன்.

கப்பல் சங்கு ஊதியது. அவர் சிரித்த சிரிப்பில் தரையில் அப்படியே குந்திவிட்டார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பக்கத்தில் போய்க் குந்தினேன். என் உடுப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அதோடு எனக்கும் தொற்றிவிட்டது.

ரெஜான் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: “விழுந்தது விழுந்ததுதான். ஆனா கூட்டத்துக்கை போன விதம் நல்லா இருந்தது. புதுசா வாற ஆக்கள் அவசரப்பட்டு மாட்டைக் கலைச்சுப்போடுவினம். நீர் அமைதியாப் போனீர். அடுத்த சனிக்கிழமையும் வாரும்.”

அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்தது என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. தலையாட்டினேன்.

அப்படியே பழகிவிட்டேன். பரிசு ஒன்றும் வாங்கவில்லை, இன்னும் விழுகிறேன். ஆனால் இந்த வித்தைக்கு உண்மையான பயன் எங்கள் சனத்தின் கொண்டாட்ட மண்டபங்களில்தான் இருக்கிறது. சாப்பாடு முடிந்து, “போவம், போவம்” என்று ஒரு மணித்தியாலம் சொன்னாலும், அரசியல் கதைக்கும் ஆண்கள் கூட்டத்திலிருந்து இவரைப் பிரித்து எடுக்க முடியாது. முன்பெல்லாம் தூர நின்று கூப்பிட்டுக் களைத்துப்போவேன். இப்போது கூப்பிடுவதில்லை. சத்தமில்லாமல் கூட்டத்துக்குள் நடந்து போகிறேன். மற்றவர்கள் மெல்ல விலகுகிறார்கள். இவர் மட்டும் மிஞ்சுகிறார். இடது பக்கம் திரும்பிப் போகப் பார்த்தால் நான் இடது பக்கம். வலது பக்கமென்றால் வலது. கொஞ்ச நேரத்தில் காரடி வந்துவிடும்.

“அம்மா வேலையைத் தொடங்கீட்டா,” என்று மகள் தன் சிநேகிதிகளுக்குக் காட்டிச் சிரிப்பாள்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் இவரைக் கொண்டுபோய்க் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், வாசலில் சாறி கட்டிய மூன்று பெண்கள் எனக்காகக் காத்து நின்றார்கள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ,” என்றாள் முன்னால் நின்றவள். “எங்கட மனுசன்மாரையும் ஒருக்கா வெளியில எடுத்துத் தருவியளோ?”

இரண்டு பேரை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது ஆள் எனக்கு விளையாட்டுக் காட்டிவிட்டு, இனிப்பு மேசைப் பக்கம் தப்பி ஓடிவிட்டார்.