வாரம் ஒரு பிளம்பர்

"ஜெகன், ஆறு வாரமா சனிக்கிழமை ஆனா பிளம்பருக்கு நானூறு ரூபா போயிருக்கு. குழாய் இன்னும் சொட்டிக்கிட்டுதானே இருக்கு?"

மனைவி சுபிக்ஷா இப்படிக் கேட்டபோது ஜெகன் கடுகு தாளித்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் செய்த சமையல் அவ்வளவுதான். வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும், அவள் பூங்காவுக்கு நடக்கப் போயிருந்த நேரத்தில், உத்தம் நகர் சமையல்காரி பவுனுவின் தூக்குவாளியில் வந்து இறங்கிவிட்டன. கடுகு வாசனைக்காக.

கல்யாணமான புதிதில், "ஞாயித்துக்கிழமை சமையல் என்னோடது" என்று வீரம் பேசிவிட்டான். இன்று அவன் வத்தக்குழம்பின் புகழ் ஜனக்புரி முழுக்கப் பரவியிருந்தது. அதைக் கேட்டு அக்கம்பக்கத்துத் தமிழ் மனைவிகள் தங்கள் கணவர்களையும் அடுப்படிக்கு விரட்டியிருந்தார்கள். அவர்களும் நன்றாகவே சமைப்பதாகக் கேள்வி. போதாததற்கு, அடுத்த ஞாயிறு லக்ஷ்மிபாய் நகரிலிருந்து மாமனார் மாப்பிள்ளை கையால் சாப்பிட வருகிறார். குட்டு உடைந்தால் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது.

குருகிராமில் ஒரு பணப் பரிமாற்றச் செயலி நிறுவனத்தில் அந்தரங்கப் பாதுகாப்புக்கு அவன்தான் தலைவன். யார் பணம் எங்கே போகிறது என்பதை அடுத்தவர் பார்க்க முடியாமல் செய்வது அவன் பிழைப்பு. சொந்த வீட்டிலோ அதே செயலியில் கூட்டுக் கணக்கு; அவன் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் சுபிக்ஷாவின் ஃபோனிலும் வந்து நிற்கும். அதனால்தான் பவுனுவுக்கு அனுப்பும்போதெல்லாம் குறிப்புக் கட்டத்தில் 'பிளம்பர்' என்று போட்டு வந்தான்.

"பழைய பில்டிங் சுபி. பைப்பெல்லாம் உள்ளுக்குள்ள காம்ப்ளிகேட்டட்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை உஷாராகி, நானூறை இரண்டு இருநூறாகப் பிரித்து அனுப்பினான்.

"அச்சா! ஒரே நாள்ல ரெண்டு தடவை வந்தாரா? நான் வீட்லதானே இருந்தேன்?"

"மொட்டை மாடி டேங்க்கோட போயிட்டாரு. வாஷர் வாங்கணுமாம்."

ஆதாரம் வேண்டுமே என்று, 'வாஷர்' என்று குறித்து இன்னொரு ஐம்பதையும் பவுனுவுக்கு அனுப்பிவைத்தான். அதோடு சுபிக்ஷாவின் பொறுமை போய்விட்டது.

"வீட்டுக்குள்ளயே வராம வாஷரா? இந்தாள்கிட்ட நானே பேசிக்கிறேன்."

பணம் வாங்கியவர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. தட்டினால் அவருக்கே அழைப்புப் போகும். 'பயன்படுத்த எளிது' என்று வாதாடி அதைச் செயலியில் வைக்கச் செய்தவன் ஜெகன். அதற்குக் கிடைத்த கோப்பை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. சுபிக்ஷா தட்டினாள்.

"ஹலோ, பிளம்பர் பையாவா? அட, லேடீஸா! தமிழா! நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துடுங்க. ஜல்தி!"

ஜெகன் பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு பவுனுவை அழைத்தான்.

"அக்கா, வராதீங்க! உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க!"

"மேடத்துக்கிட்ட வரேன்னு சொல்லிட்டேனே. நீங்க பயப்படாம இருங்க சார். நாளைக்குக் குழம்புல சுண்டைக்காயா, மணத்தக்காளியா?"

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் குழம்பு வந்தது. பதினோரு மணிக்குத் தோளில் ஒரு பையோடு பவுனு வந்தாள். சோபாவில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

பவுனு நேராகச் சமையலறைக்குப் போனாள். வால்வை மூடினாள். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினாள், புது வாஷர் போட்டாள், வெள்ளை டேப் சுற்றி முறுக்கினாள். பத்தே நிமிடம். சொட்டு நின்றுவிட்டது.

"சூப்பர்!" என்றாள் சுபிக்ஷா. "பொம்பளை கைவேலைன்னா இதான்!" என்றார் மாமனார். ஜெகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழியனுப்பும் சாக்கில் கேட் வரை ஓடினான்.

"அக்கா, என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க! இந்த வேலையெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?"

பவுனு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கத்துக்காம முடியுமா சார்? இந்தத் தெருவுல ஏழு வீட்டு சாருங்களுக்கு நான்தான் ஞாயித்துக்கிழமை சமையல். ஏழு பேரும் பிளம்பர்னே போட்டு அனுப்புறீங்க, ஏழு மேடமும் அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கிக் கூப்பிடுறாங்க. இப்போ உங்க மேல் மாடி சார் வேற புதுசா எலக்ட்ரீஷியன்னு போட ஆரம்பிச்சிருக்காரு, அதான் கொஞ்சம் பயமா இருக்கு!"