பெண் பார்க்க வந்த டென்மார்க்காரி

ஆங்கிலம் படித்திருப்பது வேறு, ஆங்கிலம் காதில் விழுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமலே இன்டர்மீடியட் பாஸ் செய்தவர்களில் நானும் ஒருவன். (பாஸ் செய்தது இரண்டாவது முயற்சியில். அதை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கீழே சொல்லப்போவதைத்தான் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.)

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு டென்மார்க்காரி வாடகைக்கு இருந்தாள். பெயர் கிர்ஸ்டன். தேரூர்க் குளத்துக்கு வரும் பறவைகளைப் பார்த்துப் படம் வரைவது அவள் வேலை. அந்தப் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. கிட்டம்மா ஆக்கிவிட்டாள்.

கிட்டம்மாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பாலம் நான்தான். அந்தப் பாலத்தின் உறுதி எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் பேசுவதில் நாலு சொல்லுக்கு ஒன்று புரியும். மீதியை நானே சொந்தமாக இட்டு நிரப்புவேன். எதைக் கேட்டாலும் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுவேன்.

அப்படி ஒரு தலையாட்டலின் பலன், எனக்குப் பெண் பார்க்க அப்பா அம்மாவோடு ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பிய காலையில் மாடிப்படி இறங்கி வந்து நின்றது. தானும் கூட வரலாமா என்று கிட்டம்மா முந்தின நாள் கேட்டிருக்கிறாள். நான் யெஸ் சொல்லியிருக்கிறேன். வந்ததுகூடப் பரவாயில்லை. கரையே இல்லாத வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

அம்மா என்னைத் தனியே இழுத்தாள். “ஏலே, நல்ல காரியத்துக்குப் போகும்ப இது என்ன கோலம்ல? கேளு அவகிட்ட!”

கேட்டேன். அவர்கள் ஊரில் கல்யாணப் பெண்ணே வெள்ளைதான் உடுத்துவாளாம், அதுதான் மங்கலமாம். (இது பின்னால் தெரிந்துகொண்டது.) அந்த நேரத்தில் நான் செய்த மொழிபெயர்ப்பு: “மத்த சேலையெல்லாம் துவைக்கப் போட்டிருக்காம்.”

அம்மா இரக்கப்பட்டுத் தன் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துவந்து தானே உடுத்திவிட்டாள். கிட்டம்மா அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அம்மா பஸ் ஏறும்வரை கன்னத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

பெண்ணின் அப்பா வெள்ளைக்காரியைக் கண்டதும் நாற்காலி தேடி உள்ளே ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் என் அம்மா பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு, முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரிக்கே துபாஷி என்ற கௌரவத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பெண் சிவகாமி காப்பித் தட்டோடு வந்தாள். தலை நன்றாகக் குனிந்திருந்தது. கிட்டம்மாவின் முகம் சட்டென்று மாறியது. என் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ கேட்டாள்.

“என்ன சொல்லுகா?” என்றார் பெண்ணின் அப்பா.

“வீடு நல்ல விசாலமா இருக்காம்.”

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டம்மா விடவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தமாக.

“இப்ப என்னவாக்கும்?”

“முந்திரிக்கொத்து எப்படிச் செய்யதுன்னு கேக்கா.”

“அதுக்கா மொகத்த இப்பிடி வச்சிருக்கா?”

“அவங்க நாட்டுல அப்படித்தான்.” (எனக்குத் தெரியாததை எல்லாம் டென்மார்க்கின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டிருந்தது.)

மூன்றாம் முறை அவள் குரல் நடுங்கியது. எனக்குச் சரக்குத் தீர்ந்துபோய்விட்டது. “காத்து ரொம்ப அடிக்குதாம்” என்றேன்.

தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சிவகாமியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. தட்டைக் கீழே வைத்தாள், தலையை நிமிர்த்தினாள், கிட்டம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவளுடையது நாகர்கோவில் ஆங்கிலம் ஆனதால், ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்து தொலைத்தது. ‘இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை, மேடம்.’

“ஏட்டி, என்னது?” என்றார் அவள் அப்பா.

“அந்தம்மா காத்தப் பத்திப் பேசல்லப்பா. இந்தப் பொண்ணுக்கு மாப்பிளயப் பிடிச்சிருக்கான்னு யாராவது கேட்டியளான்னுதான் மூணு மட்டமும் கேக்காவ. நான் தலை குனிஞ்சு நிக்கதப் பாத்து, கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்திருக்கியன்னு நெனச்சிட்டாவ.”

பிறகு கிட்டம்மாவிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். எங்கள் ஊரில் தலை குனிவது வருத்தம் இல்லை, மரியாதை. இன்றைக்குக் கூடுதலாகக் குனிந்தது சிரிப்பை மறைக்க. கிட்டம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. பெண்ணின் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினாள், தான் தப்பாக நினைத்துவிட்டதாக. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கைகூப்பினார். இந்த இடத்தில் பாய்க்குள் சுருண்டுகொள்ள முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் பேசினாள். “அவ கேட்டதுல என்ன தப்பு? என்னைய அன்னைக்கு எவரு கேட்டா?”

என் அப்பா ஜன்னல் வழியே மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். “சரி மக்ளே. இப்ப நான் கேக்கேன். ஒனக்கு இஷ்டமா?”

“அந்தம்மா இன்னொரு கேள்வி கேக்கட்டும். இவிய அதைத் தமிழ்ல சொல்லட்டும். பெறவு சொல்லுகேன்.”

கிட்டம்மா கண்ணில் குறும்போடு கேட்டாள். என் காதில் சரக்கு ரயில் ஒன்று கடந்து போனதுபோல் இருந்தது. வீடு, முந்திரிக்கொத்து, காற்று எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“எனக்கு மனசிலாகல்ல” என்றேன், புரியவில்லை என்பதை முதல் தடவையாக ஒப்புக்கொண்டு.

“இன்னைக்கு இவிய சொன்னதுல இது ஒண்ணுதான் உள்ளது. எனக்கு இது போதும்பா” என்று சொல்லிவிட்டு சிவகாமி உள்ளே போய்விட்டாள்.

“அப்பம் சம்மதமா, இல்லியா?” என்று அவள் அப்பா திரும்பத் திரும்ப எல்லோரையும் கேட்டார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கிட்டம்மாதான் முதலில் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதோடு எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பு இலாகா சிவகாமியிடம் போய்விட்டது. இப்போதும் மதுரை, சென்னைப் பக்கத்திலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். நான் என் நாஞ்சில் தமிழில் உற்சாகமாக ஏதாவது சொல்ல, அவர்கள் ஒன்றும் புரியாமல் சிவகாமியைப் பார்ப்பார்கள்.

“ஒண்ணுமில்ல, காத்து ரொம்ப அடிக்குதாம்” என்பாள் அவள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாவம், விருந்தாளி மட்டும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.