லிடியாவின் கல்யாண வீடியோவில் கடைசி ஆறு நிமிடம்

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்பு மகள் லிடியாவுக்கு, அப்பா பாஸ்கல் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை பிரிட்டோவும் நலமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறோம். இன்று சாயங்காலம் அங்கே கிளம்பும் ஆல்பர்ட்டிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் கொடுத்து அனுப்புகிறேன். ஐந்து மாதமாக நீ கேட்கும் கல்யாண வீடியோ அதில்தான் இருக்கிறது. தாமதத்துக்கு வானூர் ஸ்டூடியோ சதீஷ்தான் காரணம் என்று போனில் சொன்னேனே, அது பாதி உண்மை. மீதிப் பாதி நான்தான்.

நடந்தது இதுதான். சதீஷ் முதலில் போட்டுக் காட்டிய வீடியோவில், உங்கள் கார் கிளம்பிப் போன பிறகும் கேமராவை நிறுத்தாமல் ஆறு நிமிடம் என்னையே எடுத்து வைத்திருந்தான். அதில் என் முகம் கொஞ்சம் சரியில்லை. உப்பளத்து வெயிலில் முப்பத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக நின்ற கண், வெளிச்சம் பட்டால் தண்ணீர் விடும், அவ்வளவுதான். ஆனால் என் கீழ் வேலை செய்த நாற்பது பேரும் இதை வாட்ஸ்ஆப்பில் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அந்த இடத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அதுல கைய வெக்கக் கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க சார்" என்றான். உன் அம்மா எனக்கு முன்னாலேயே போன் செய்துவிட்டாள். சரி, எடிட்டிங்கை நானே செய்துகொள்கிறேன் என்றேன். வரிசையாகக் கல்யாணங்களை வைத்துக்கொண்டு திண்டாடியவன், தன் பழைய லேப்டாப்பையும் ஒரு தாளையும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான்.

அந்தத் தாளில் இருந்தவை ஷார்ட்கட் பட்டன்கள். "மவுஸைப் புடிச்சு இழுத்துக்கினு இருந்தா ஒரு மாசம் ஆகும் சார். விரல்ல வந்துட்டா மூணே நாளு" என்றான். ஜே தட்டினால் பின்னால் போகும், கே தட்டினால் நிற்கும், எல் தட்டினால் ஓடும், அதே எல் பட்டனை இரண்டு தரம் தட்டினால் விழுந்தடித்து ஓடும். கன்ட்ரோலோடு கே தட்டினால் வெட்டும். ஷிஃப்டோடு டெலீட் தட்டினால் வெட்டிய துண்டு போய், வரப்பைத் திறந்துவிட்ட பாத்தி மாதிரி அடுத்த காட்சி தானாக அந்த இடத்துக்கு வந்துவிடும். இதையெல்லாம் நான் கோவில் பெஞ்சில் பிரசங்க நேரத்தில் தட்டித் தட்டி மனப்பாடம் செய்தேன். பங்குச் சாமியார் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். வீட்டில் உன் அம்மா அவள் தங்கச்சி கதையைச் சொல்லும்போது என் விரல் தானாக எல் பட்டனைத் தட்டுவது போல இரண்டு தரம் தட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் சதீஷிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அன்றைக்கு எனக்குக் காபி தரவில்லை.

விரலில் வேகம் வந்ததும் ஆறு நிமிடத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோவிலிலும் என் கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அதையும் எடுப்போம் என்று சரசரவென்று வெட்டிவிட்டேன். சத்தத்தை மட்டும் தனியாகப் பூட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. படமெல்லாம் முன்னால் வந்துவிட்டது, சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. பந்தியில் சமையல் சிங்காரம் ரச வாளியோடு குனிகிறார், சாமியார் குரலில் "இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாய் இருப்பாயா" என்று கேட்கிறார், உன் பெரியப்பா வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டுகிறார். செய்ததைத் திருப்ப கன்ட்ரோலோடு இசட் தட்ட வேண்டுமாம். நம் ஊர் உப்புக்காற்றில் அந்த இசட் இறுகிப் போய் அசையவே இல்லை. கடைசியில் சதீஷே வந்து எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போனான்.

இந்த முறை கோவிலைத் தொடவில்லை. கடைசி ஆறு நிமிடத்தை மட்டும் வெட்டினேன். கார் போகிறது, நன்றி என்று எழுத்து வருகிறது, முடிகிறது. உன் அம்மா முழுவதும் பார்த்துவிட்டு, "கார்ல ஏறும்போது அப்பா என் மூஞ்சியக் கூடப் பாக்கல, டிரைவர்கிட்ட டயர்ல காத்து இருக்கான்னு கேட்டுட்டுத் திரும்பிக்கினாருன்னு இன்னமும் சொல்லி அழுவுறா உங்க பொண்ணு. இதையும் வெட்டிட்டீங்களா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாகப் பேச்சில்லை. புதுச்சேரி வரை போகிற வண்டியில் டயரைப் பார்ப்பது பொறுப்புள்ள ஒரு தகப்பன் செய்ய வேண்டிய வேலை. இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. என் முடிவில் மாற்றமும் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வேளாங்கண்ணி மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பாஸ்கல்.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து எழுந்தால், உன் அம்மா லேப்டாப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறாள். காது குடையும் பஞ்சுக்குச்சியில் தேங்காய் எண்ணெய் தொட்டு மதியமெல்லாம் துடைத்திருக்கிறாள். "இசட்டு வேலை செய்யுது. பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தட்டினேன். ஒரே தட்டில் ஆறு நிமிடமும் திரும்பி வந்துவிட்டது. பென் டிரைவில் இப்போது இருப்பது அதுதான். வேறு கடிதம் எழுத நேரமில்லை, ஆல்பர்ட் வாசலில் நிற்கிறான். அன்றைக்கு வெயிலும் இல்லை லிடியா, பொழுது சாய்ந்துவிட்டது. உங்கள் காருக்குப் பின்னாலேயே உப்பளச் சாலை வளைவு வரைக்கும் நடந்தேன், அதையும் சதீஷ் எடுத்திருக்கிறான். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது, காலையிலேயே நான் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் உன்னை அனுப்பியிருக்க மாட்டேன். அந்த ஆறு நிமிடத்தை வேகமாக ஓட்டாமல் பார்.