மாப்பிள்ளையின் ஜீப்

"பதினாலு நம்பர் ஸ்பானரைக் கொடுங்க மாமா" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது.

மாமனார் கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தார். கை அதைத் தடவிப் பார்த்தது.

"இது கத்தரி மாமா."

"உங்க கத்தரிதானே மாப்ள. பழகின கைக்கு வசதியா இருக்குமேன்னு கொடுத்தேன்."

மாப்பிள்ளை தையல்காரர். மாமனார் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். ஒருவருக்கு இரும்பு என்றால் ஊசி. மற்றவருக்கு இரும்பு என்றால் மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கக்கூடிய அந்தக் கிழட்டு ஜீப் இந்த இரண்டு பேர் கையில் வந்து மாட்டியிருந்தது.

அன்றைய சிக்கல் பெரிசு ஒன்றுமில்லை. ஜீப்பின் வயிற்றிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நட்டை இறுக்கினால் நின்றுவிடும் என்றார் மாப்பிள்ளை. நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் மாமனாரின் கவலை.

அவருடைய மகள் நர்ஸ். மேல்பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி மாப்பிள்ளையின் தையல் கடையையும், கடைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த அறையையும் இடித்துவிட்டார்கள். "வேற இடம் அமையற வரைக்கும் அப்பாகூட இருங்க" என்று புருஷனையும் தையல் மிஷினையும் அப்பா வீட்டில் இறக்கிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இருந்தவரை பேச்சுக்குப் பஞ்சமில்லை. மூன்று பேர் பேச்சையும் அவள் ஒருத்தியே பேசிவிடுவாள். அவள் போனபிறகு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு மின்விசிறியும்தான். அதிகம் சத்தம் போட்டது மின்விசிறி.

"சாப்டீங்களா மாப்ள?"

"ஆச்சு மாமா."

அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். மாமனார் உள்ளே வந்தால் மாப்பிள்ளை எழுந்து நிற்பார். மாப்பிள்ளை நிற்கும்போது தான் மட்டும் எப்படி உட்காருவது என்று மாமனாரும் நிற்பார். சொந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள். பகல் முழுக்க மூட்டை சுமந்துவிட்டு வந்தவருக்கு முழங்கால் விட்டுப்போகும். ஆனாலும் மரியாதை மரியாதைதானே.

ஒருநாள் காலையில் கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் துணிப்பை கட்டித் தயாராக இருந்ததை மாமனார் பார்த்தார். நெஞ்சில் மூட்டை விழுந்த மாதிரி இருந்தது. 'போகாதீங்க' என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாயைத் திறந்தால் 'எப்போ போறீங்க' என்று கேட்பதுபோல ஆகிவிடுமோ என்று பயம். மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அங்கே அவளுக்கு வேலை ஓடாது. புருஷனை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள், ஒரு மனுஷனை வீட்டில் தங்கவைக்கக்கூடத் தெரியவில்லையே என்று தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் சரிவாகக் கிடக்கும் காலி இடத்தில் அந்த ஜீப் நின்றது. தெருக்கோடியில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் காந்தம் தன் லாரியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எந்த இரும்பும் கடைசியில் அவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மாப்பிள்ளை ஜீப்பின் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியா மாப்ள?"

"ஆமா மாமா. வண்டி."

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். "அப்பா, அந்த ஜீப்பு அவருக்கு உசுரு. ஓட்டை வண்டின்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. எதுக்கு வாங்கினீங்கன்னு கேக்கவும் கேக்காதீங்க, கூச்சப்படுவாரு. கூட நின்னு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க."

கதவுக்குப் பின்னால் பை இல்லை. அதிலிருந்த துணியெல்லாம் மறுபடி கொடிக்குப் போயிருந்தது. மாமனார் ஒரு கணக்குக்கு வந்தார். வண்டி ரிப்பேராக இருக்கிறவரை ஆள் இருப்பார். வண்டி ஓடினால் ஆளும் ஓடிவிடுவார்.

அதனால் அந்தச் சொட்டு நிற்கக்கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டிருக்க, கை மட்டும் ஸ்பானரைத் தேடிக் கொடுத்தது.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். அடியில் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"நின்னுடுச்சா மாப்ள?"

"சொட்டறது நின்னுடுச்சு மாமா. இப்ப கொட்டுது."

அவர் இறுக்கியது எண்ணெய் வடிப்பதற்கென்றே வைத்திருக்கும் நட்டு. இறுக்குவதாக நினைத்துக் கழற்றிவிட்டார். வெளியே வந்தபோது மூக்கும் கண்ணும் மட்டும்தான் அடையாளம் தெரிந்தன. மாமனார் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் மாப்பிள்ளையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

எண்ணெய்க்கும், கசிவை அடைக்கிற பேக்கிங்குக்கும் காந்தத்திடம் போனார்கள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்குண்ணே இவ்வளவு சிரமம்? மெதுவாப் பண்ணுங்களேன். எங்க ஓடிப்போகப் போகுது?"

"மாப்பிள்ளை வேலையில சுறுசுறுப்பு" என்றார் மாமனார் பெருமையாக.

"மாமா விட மாட்டேங்கறாரு" என்றார் மாப்பிள்ளை, அதே பெருமையோடு.

காந்தத்திடம் சரியான பேக்கிங் இல்லை. மாப்பிள்ளை தடித்த அட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியால் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரி வெட்டினார். அச்சாகப் பொருந்தியது. ஆனால் அதைப் பொருத்துவதற்காகக் கழற்றிய மூடியோடு ஒரு சின்னக் கம்பியும் கையில் வந்துவிட்டது. திருப்பி மாட்டியபோது அது ஆடியது.

"இந்தப் பெரிய கம்பி கியர் மாத்தறதுக்கு மாமா. பக்கத்துல இருக்கற சின்னது, நாலு சக்கரமும் இழுக்கணுமா, ரெண்டு போதுமான்னு சொல்றதுக்கு."

"ஆடுதே மாப்ள."

"நாம சாஞ்சு உக்காந்தா நாற்காலிகூடத்தான் ஆடுது மாமா."

அடுத்து பிரேக். "லேசா அமுக்குங்க மாமா" என்று மாப்பிள்ளை அடியிலிருந்து குரல் கொடுத்தார். மாமனாரின் காலுக்கு லேசு என்பது பழக்கமில்லை. மிதி தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. குழாய் வெடித்து, இருந்த கொஞ்ச பிரேக்கும் போயிற்று. சரி, கைப் பிரேக்காவது இருக்கிறதே என்று இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

"இதை எங்க வைக்க மாப்ள?"

"மத்ததோட வைங்க மாமா."

மத்தது என்பது ஒரு கூடை நிறைய இருந்தது.

வண்டி இப்படித் தேய்ந்துகொண்டே போக, வேறொன்று வளர்ந்தது. ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறவர் மரியாதைக்காக எழுந்து நிற்க முடியாது; எழுந்தால் மண்டை இடிக்கும். அதனால் இரண்டு பேரும் அருகருகே மல்லாந்து படுத்தபடி பேசப் பழகினார்கள். கிடங்கில் கணக்குப்பிள்ளை தும்மினால் மூட்டை சரிவதைப் பற்றி மாமனார் சொன்னார். அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு, சட்டை தைத்த பிறகு சண்டைக்கு வருகிறவர்களைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார். சாப்பாட்டைக்கூட வண்டியின் மூக்கில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். கூடம் காலியாகக் கிடந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் மாப்பிள்ளை கார்பரேட்டரைத் துடைத்து மாட்டிவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு ஸ்டார்ட் ஆயிடும் மாமா. ஆனதும் உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

மாமனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புறப்பட உத்தரவு கேட்கப் போகிறார். முகத்தைக் காட்ட முடியாமல், "குளிச்சிட்டு வந்துடறேன்" என்று சரிவின் கீழே இருந்த குளியலறைப் பக்கம் திரும்பினார். வழியில், சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த கல் காலில் இடித்தது. குளியலறையில் உட்கார்ந்து குளிக்க ஆகுமே என்று தோன்றியது.

"மாப்ள, வண்டி கியர்லதானே நிக்குது?"

"முதல் கியர்ல மாமா. அசையாது."

அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். முதல் சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது வெளியே ஏதோ நகரும் சத்தம் கேட்டது. பிறகு 'டம்' என்றது. கதவுச் சந்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது.

"மாப்ள?"

"மாமா, அசைஞ்சிடுச்சு."

பெரிய கம்பி கியரில்தான் இருந்தது. ஆனால் ஆடிக்கொண்டிருந்த சின்னக் கம்பி நடுவில் வந்து நின்றுவிட்டது. அது நடுவில் நின்றால் எந்தச் சக்கரத்துக்கும் கியரோடு சம்பந்தம் இல்லை. ஜீப் தன் முகத்தைக் குளியலறைக் கதவில் பதித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை தள்ளிப் பார்த்தார். மேட்டில் தள்ள ஒரு ஆள் போதாது. தள்ளக்கூடிய ஆள் உள்ளே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இன்னொரு சொம்பு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மாமனாரின் குரல் வந்தது.

"மாப்ள, அந்த விஷயத்தை இப்பவே கேட்டுடுங்க. முகம் பாக்காம இருக்கும்போதே கேட்டா எனக்கும் நல்லது."

மாப்பிள்ளை ஜீப்பின் மூக்கில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணுமில்ல மாமா. ஊர்ல எனக்குன்னு யாருமில்லைன்னு உங்களுக்குத் தெரியும். முன்னாடி ஒருநாள், உங்களுக்குப் பாரமா இருக்கேனோன்னு பையைக்கூடக் கட்டிட்டேன். அப்புறம் இந்த வண்டி வேலை வந்துச்சு. இப்ப இதுவும் முடியப் போகுது. முடிஞ்சாலும் நான் இங்கேயே இருக்கலாமான்னு கேக்கலாம்னு."

உள்ளே சொம்பு கீழே விழுந்து உருண்டது.  

"நீங்க எங்கேயும் போக வேண்டாம் மாப்ள. நானும் இப்போதைக்கு எங்கேயும் போறமாதிரி இல்ல."

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையில் கிரீஸ் இருந்தது.

அதன்பிறகு அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. வண்டியில் ஏறி, சின்னக் கம்பியை நாலு சக்கர இழுப்புக்குத் தள்ளி, பெரிய கம்பியைப் பின்பக்கக் கியரில் போட்டு, சாவியைத் திருகினார். இன்ஜின் பிடிக்காவிட்டாலும் செல்ஃப் மோட்டாரே வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிடும் என்று அவர் கணக்கு. இழுத்தது. ஜீப் முக்கி முனகிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண் நகர்ந்தபோது, வாழ்க்கையில் யாரும் எதிர்பார்க்காதபடி இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மாமனார் இடுப்பில் துண்டோடு வெளியே வந்தபோது, ஜீப் எருமை நடையில் பின்பக்கமாகவே மேடேறி, வேலியைச் சாய்த்துக்கொண்டு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓட வேண்டியிருக்கவில்லை. வேகமாக நடந்தாலே பிடிக்கும்படிதான் இருந்தது.

"நிறுத்துங்க மாப்ள."

"பிரேக்கை நீங்கதானே மாமா அமுக்கினீங்க."

"அப்ப அணைச்சிடுங்க."

"அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு தெரியல மாமா. மனசு வரல."

மாமனார் பக்கத்திலேயே நடந்தார். ஒரு கை துண்டில், மறு கை ஜீப்பில். வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் தெரிந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே போனார்.

"ஒழுங்கா ஓட்டுங்க மாப்ள, எல்லாரும் பாக்கறாங்க."

"எனக்கு எங்க மாமா ஓட்டத் தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்."

"எனக்கா? நான் சைக்கிள்கூட ஏறினதில்ல."

"அப்புறம் எதுக்கு மாமா ஜீப்பு வாங்கினீங்க?"

"நான் வாங்கினேனா?"

ஜீப் காந்தத்தின் கடைக்குள் பின்பக்கமாக நுழைந்து பழைய டயர்க் குவியலில் முட்டியது. மாப்பிள்ளை பயத்தில் எல்லா மிதிகளையும் இரண்டு காலாலும் ஒன்றாக மிதிக்க, அதில் கிளட்ச்சும் அகப்பட்டு வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் அழகாக உறுமிக்கொண்டிருந்தது.

"உங்க வண்டி மாமா இது. உங்களுக்கு ரொம்ப நாள் ஆசைன்னு அவ சொன்னா. ஓட்டைன்னு சொல்லிடாதீங்க, கூட நின்னு செஞ்சு கொடுங்கன்னு சொன்னா."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னா. உங்களுக்கு உசுருன்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்தாற்போலக் காந்தத்தைப் பார்த்தார்கள்.

காந்தம் அவர்களைப் பார்க்கவில்லை. உறுமுகிற இன்ஜினையே பார்த்தபடி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? எத்தனை வருஷம் போட்டுப் புரட்டினாலும் ஓடாத வண்டியாப் பாத்துக் கொடுங்கன்னு உங்க பொண்ணு ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே கடை பூரா அலைஞ்சு, இதைத்தானே பொறுக்கி எடுத்துச்சு. நான் இப்ப அந்தப் புள்ள முகத்துல எப்படி முழிப்பேன்?"