பங்கின் முதல் பிள்ளைக்கு ஒரு நாற்காலி

என்றும் மரியாதைக்குரிய அண்ணிக்குக் கொழுந்தன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் ஓரகத்தியும் நலம். அவளுக்குக் கண்ணில் புரை, எனக்கு முட்டி, மற்றபடி குறையில்லை. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் "சாப்பிட்டீங்களா" என்பீர்கள், நான் "ஆச்சு அண்ணி" என்பேன், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நாற்பது வருஷமாக அப்படித்தான் முடிந்துகொண்டிருக்கிறது. அதனால் கடிதம்.

நம் குடியிருப்புக் கிறிஸ்தவர்கள் தனிப் பங்காகி வருகிற மாதம் நாற்பது வருஷம். விழா மலர் போடுகிறார்கள். அதில் பங்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டார்கள், அவருக்கு நேரமில்லை. பாட்டுக் குழுத் தலைவியைக் கேட்டார்கள், அந்த அம்மா பாடித்தான் காட்டுவேன், எழுத மாட்டேன் என்றாராம். கடைசியில் பங்குப் பேரவைத் தலைவர், அதான் நம் முதல் பிளாக் மளிகைக்கடைக்காரர், என்னைப் பிடித்தார். "ஆரம்பத்துலேருந்து இங்க இருக்கறது அந்தம்மாவ விட்டா நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க ஒண்ணு வீடு மாறிட்டாங்க, இல்ல போய்ச் சேர்ந்துட்டாங்க." நான் லிஃப்ட் மெக்கானிக், எனக்கு என்ன எழுத வரும் என்றேன். "அதனால என்ன, மேலயும் கீழயும் பார்த்தவர்தானே நீங்க" என்று சொல்லி ஒரு நோட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டு அவர் கடைச் சரக்குதான், மூலையில் எலி கடித்தது.

ஆதாரம் தேடினேன். முதல் பத்து வருஷத்துக் கூட்டக் குறிப்பு நோட்டு, பூசை உடுப்பு அறையில் ஒழுகுகிற குழாய்க்கு அடியில் இருந்து, செங்கல் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. உங்கள் ஓரகத்தி இரண்டு நாள் கெட்டில் ஆவியில் காட்டிக் காட்டிப் பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேல்வரி "கூட்டம் செபத்துடன் தொடங்கியது", கீழ்வரி "கூட்டம் செபத்துடன் முடிந்தது". நடுவில் நடந்தது பூராவும் கரைந்துவிட்டது. போட்டோக்கள் இருக்கின்றன. எடுத்தவர் குட்டையானவர்போல. உயரமானவர்களுக்கு ஒருவருக்கும் தலை இல்லை. அண்ணன் ஏழு படங்களில் தலை இல்லாமல் நிற்கிறார். தச்சுவேலையில் நசுங்கிய கட்டைவிரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மளிகைக்கடைக்காரருக்கு ஆதாரமெல்லாம் தேவைப்படவில்லை. கோயிலுக்கு ஒரு படிகூட இல்லையே, அது வயதானவர்களை மனசில் வைத்து அன்றைக்கே தீர்க்கதரிசனமாகச் செய்தது என்று எழுதச் சொன்னார். ஏன் படி இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதற்குத்தான் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நனையாமல் தப்பியது இரும்பு அலமாரியில் இருந்த ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றுதான். மளிகைக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார். ஓர் ஆண் பிள்ளையின் பெயர், தேதி, அப்பா தச்சர், அம்மா இன்னார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்ம பங்கோட முதல் பிள்ளை. உங்க அண்ணன் பையன். இப்ப நாப்பது வயசு இருக்குமே. மேடையில உக்கார வெச்சுக் கௌரவிச்சுடலாம்" என்றார். அவர் குடிவந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, அதற்குள் நீங்கள் வீடு மாறியிருந்தீர்கள், அவருக்கு எப்படித் தெரியும். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

"பக்கத்துலதான்" என்றேன்.

அது பொய்யில்லை அண்ணி. மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே கல்லறைத் தோட்டம்.

"குடும்பத்தோடயா?"

"இல்ல, தனியா."

"பாவம்" என்றார். "கூட்டத்துக்கெல்லாம் வருவாரா?"

"எங்கயும் போறதில்ல" என்றேன். இப்படி மூன்று பதில், மூன்றும் உண்மை. வீட்டுக்கு வந்து படுத்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்து கோயிலுக்குப் போனால் அழைப்பிதழ் அச்சாகி வந்திருக்கிறது. "பங்கின் முதல் பிள்ளை நன்றியுரை ஆற்றுவார்" என்று போட்டிருக்கிறது. மேடையில் அவனுக்கு நாற்காலி எங்கே என்று படம் வேறு வரைந்து வைத்திருக்கிறார்கள், விழாவுக்கு வருகிற ஆயருக்கு இடதுபக்கம் இரண்டாவது. பாட்டுக் குழுத் தலைவி அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். அவரும் அன்றைக்கு லிஃப்டில் இருந்தவர், அதற்கும் வருகிறேன்.

மறுநாள் சாயங்காலம் புதுச் சாமியார் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, சைக்கிளில் வருகிறவர். கையில் இரண்டு பதிவேடு. ஒன்று ஞானஸ்நானம், ஒன்று அடக்கம். இரண்டிலும் முதல் வரியைக் காட்டினார். ஒரே பெயர், ஒரே தேதி. "பெரியவரே, இது என்ன?" என்று மட்டும் கேட்டார். உங்கள் ஓரகத்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, முக்கால்வாசி சொன்னேன். அவர் டீயைத் தொடவே இல்லை. கடைசியில், "இத எழுதணுமா வேண்டாமான்னு நானோ பேரவையோ முடிவு பண்ண முடியாது. பிள்ளையோட அம்மாகிட்ட கேளுங்க. எழுதச் சொன்னா எழுதுங்க. வேண்டாம்னா மலர்ல முதல் பக்கத்தக் காலியா விட்டுடுவோம்" என்றார். மளிகைக்கடைக்காரரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

ஆக, கேட்கிறேன். கேட்பதற்கு முன்னால் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் இருந்தவரை நான் வாயைத் திறக்க முடியாது, சத்தியம் வாங்கியிருந்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இனி என்னைத் திட்ட நீங்கள்தான்.

அன்றைக்குக் காலையில் டாக்டர் வந்து, பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு, இனி யார் கையிலும் இல்லை, சாயங்காலம்வரை தாங்கினால் பெரிது என்று சொல்லிவிட்டுப் போனார். பிறந்து ஒன்பது நாள். நீங்கள் காய்ச்சலில் உள்ளறையில் படுத்திருந்தீர்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சாமியாரக் கூட்டிட்டு வந்துடு, ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாம அனுப்பக் கூடாது" என்றார். நான் ஸ்கூட்டரில் பழைய பங்குக்குப் போய்ப் பெரிய சாமியாரை ஏற்றிக்கொண்டு வந்தேன். நம் குடியிருப்புக்கு அப்போது ரோடு கிடையாது, சேறு, கடைசி இருநூறு அடி அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். நல்ல பருமன் அவர். லிஃப்ட் முன்னால் நின்று, "நான் மெல்லப் படியேறியே வந்துடறேன்ப்பா" என்றார். நான்தான், "எட்டு மாடி சாமி, லிஃப்ட் நான் பார்த்துக்கற லிஃப்ட்தான், பயப்படாம ஏறுங்க" என்றேன். கூடவே நாலாவது மாடிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண்ணும் ஏறிக்கொண்டது, ஒரு வாளித் துணியோடு. அதுதான் இன்றைக்குப் பாட்டுக் குழுத் தலைவி. பேச்சுவாக்கில் நாலாவது மாடி பட்டனை அழுத்த மறந்தது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

உங்களிடம் சாமியார் நேரத்துக்கு வந்தார், தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று சொன்னோம். அப்படி நடக்கவில்லை. லிஃப்டைச் சரிபண்ணத் தெரிந்த ஒரே ஆள் லிஃப்டுக்குள் இருந்தான். "என்னாச்சு?" என்று சாமியார் கேட்டார். "கரன்ட் போயிருக்கும் சாமி" என்றேன். அந்தப் பெண், "லைட் எரியுதேண்ணே" என்றது. நான் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினேன். மேலேயிருந்து அண்ணன் எட்டாவது மாடிக் கம்பிக் கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டார். சாமியார் கீழேயிருந்து, "பிள்ளைய அங்கயே கொண்டு வா. ஒரு டம்ளர் தண்ணி எடு. நீயே ஊத்தலாம், தப்பில்ல" என்றார். அண்ணன், "எனக்கு வார்த்த வரல சாமி, எல்லாம் மறந்துபோச்சு" என்றார். ஆயிரம் தடவை கேட்ட வார்த்தைதான். சாமியார், "நான் சொல்றேன், பின்னாலயே சொல்லு" என்றார். "பேர் என்ன?" என்று கேட்டார். உங்கள் அப்பா பெயரா எங்கள் அப்பா பெயரா என்று ஒன்பது நாளாக உங்கள் இரண்டு பேருக்கும் தீராமல் இருந்ததே. அண்ணன் உங்கள் அப்பா பெயரைச் சொன்னார். அப்புறம் சாமியார் ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொன்னார், அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். ஊற்றிய தண்ணீரில் கொஞ்சம் லிஃப்ட் கிணற்றில் வழிந்து எங்கள் கூரையில் சொட்டிய சத்தம் கேட்டது. அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நின்றது. இரண்டு பேரும் ஆமென் சொன்ன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "மூணாவது மாடிக் கதவ யாராவது அழுத்திப் பிடிங்க" என்று கத்தினேன். யாரோ அதை இழுத்தார்கள், அழுத்தவில்லை. அதைப் புரியவைக்க இன்னொரு கால்மணி. நாங்கள் மேலே போனபோது அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

பிற்பாடு நம் பங்குக்கென்று பதிவேடு திறந்தபோது சாமியார் முதல் வரியில் பிள்ளையை எழுதி, ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று தன் பெயரைத்தான் போட்டுக்கொண்டார். சொன்ன வாய் என்னுடையது, அதனால் கொடுத்ததும் நான்தான் என்றார். பிள்ளை போன அன்று சாயங்காலமே அடக்கப் பூசையைக் கீழே சைக்கிள் ஷெட்டில் வைத்தார். அண்ணனுடைய வேலைமேசைதான் பலிபீடம். அதிலிருந்த, மரம் பிடிக்கும் திருகு இடுக்கியில் சாமியாரின் அங்கி மாட்டி, நடுப்பூசையில் அண்ணன் போய்த் திருகித் திருகி விடுவித்தார். அவ்வளவு துக்கத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், அதில் ஒருவர் அண்ணன். முடிந்ததும் சாமியார் சொன்னார், "இனி நான் மேல வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை நீங்க கீழ எறங்கி வாங்க." அடுத்த ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். அப்படித்தான் அண்ணி பங்கு ஆரம்பித்தது. பிறகு ஊஞ்சல் போட ஒதுக்கியிருந்த இடத்தைக் குடியிருப்பு அலுவலகம் கொடுத்தபோது, வரைபடக்காரரிடம் சாமியார் சொன்னது ஒன்றே ஒன்று. ஒரு படிகூட வேண்டாம், யாரும் எதிலும் ஏறி வரக் கூடாது.

இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தத் தாளை வீணாக்கியதுதான் மிச்சம். மூன்றாவது மாடிக் கதவில், கதவு மூடியிருந்தால்தான் லிஃப்டை ஓடவிடும் மின்தொடர்புத் தகடு தேய்ந்திருந்தது. முந்தாநாளே பார்த்தேன். புதுத் தகடு போட அரைநாள் லிஃப்டை நிறுத்த வேண்டும், சோம்பல் பட்டுக்கொண்டு சோப்பு டப்பா அட்டையை மடித்துச் செருகிவிட்டு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டேன். லிஃப்ட் நின்ற கணமே அட்டை விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் வேலை தெரிந்துவிடும் என்று அரைமணி நேரம் கரன்ட் மேல் பழி போட்டுக்கொண்டு நின்றேன். இதை அண்ணனிடமும் சொன்னதில்லை. மறுநாள் போய் அட்டையைப் பொறுக்கிக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதுத் தகடு போட்டேன். அதற்கப்புறம் நான் வேலையில் இருந்தவரை அந்த லிஃப்ட் ஒருநாளும் நின்றதில்லை.

எழுதட்டுமா, காலியாக விடட்டுமா என்று ஒரு வரி சொல்லுங்கள். திட்டுவதானாலும் ஒரு வரி போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க ஆண்டவர் அருளட்டும்.

தங்கள்
கொழுந்தன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதற்கும் நீங்கள் பதில் எழுதத் தேவையில்லையாம். உறை எங்கே என்று கேட்டேன், உங்கள் ஓரகத்தி வந்து கடிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மெல்லப் படித்தாள். "இதெல்லாம் அக்காவுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "அவங்க படுத்திருந்த ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் கிணறுதானே. சாமியார் சொன்னது, உங்கண்ணன் சொன்னது, பேரு, எல்லாம் கேட்டுச்சாம். ஒரு மாசம் கழிச்சு எங்கிட்ட சொன்னாங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் பாடுபட்டு மறைக்கறாங்க, நீ காட்டிக்காதேன்னாங்க. தாராளமா எழுதுங்க, அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." நாற்பது வருஷம் நாங்கள் இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது உங்கள் இரண்டு பேருக்கும் வேடிக்கையாக இருந்திருக்கும். நிம்மதியில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அப்போ அந்த அட்டையும் தெரியுமா?" என்றேன். அவள் நாலாவது தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். கண்ணுக்குக் கிட்டே வைத்து இன்னொரு தடவை படித்தாள். "இது எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றாள்.

அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், அவள் எல்லாத் தாளையும் சேர்த்து மடித்து உறையில் வைத்துவிட்டாள். இதை எழுதத் தனித் தாள் கேட்டேன், கொடுத்தாள். உறையின் மேல் இருப்பது அவள் கையெழுத்து. தபால்பெட்டி படியிறங்கித் தெருமுனையில் இருக்கிறது, நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, உறையைக் கையில் பிடித்தபடி, இந்தத் தாளுக்காக வாசலில் நிற்கிறாள்.